நானாவின் பொட்டணியும் கைத்தொலைபேசிக் கடையும்

உடுப்பிட்டியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கணவரின் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள். உடுப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சிறிய புடவைக்கடை ஒன்றை நடத்துகிறார்கள். சீலை, சட்டைத் துணி, பிள்ளைகளின் உடுப்பு, பாடசாலைச் சீருடை, கொஞ்சம் ஃபான்சி சாமான். அவ்வளவுதான்.

"கடைக்கு வரும் பெண்பிள்ளைகள் உடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அளவு சரியா என்று உடம்பில் வைத்தும் பார்க்கிறார்கள். பிறகு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாலு நாள் கழித்து அதே மாதிரி உடுப்பு பார்சலில் அவர்கள் வீட்டுக்கு வருகிறது. கடை வாடகையும் கரண்ட் பில்லும் எங்கள் தலையில். இவர் கடையைப் பூட்டிவிட்டு லீசிங்கில் ஓட்டோ எடுக்கப் போகிறேன் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?" இதுதான் அவருடைய கேள்வி.

பூட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன், சகோதரி. ஆனால் இப்போது நடத்துவது போலவே நடத்தினால், நான் சொல்லியும் பயனில்லை. பூட்டத்தான் வேண்டி வரும்.

முதலில் விலையைப் பற்றிய கசப்பான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விலையில் நீங்கள் வெல்ல மாட்டீர்கள். கொழும்பிலிருந்து உடுப்பிட்டி ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். உங்கள் கடைக்கு வரும் சட்டை இறக்குமதிகாரர், புறக்கோட்டை மொத்த வியாபாரி, யாழ்ப்பாணத்து வியாபாரி என்று மூன்று கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கைத்தொலைபேசிக் கடையிலோ இறக்குமதி செய்தவரே நேரே விற்கிறார். தராஸ் போன்ற கம்பனிகள் பெரும்பாலும் தாங்கள் விற்பதில்லை. ஆயிரக்கணக்கான வியாபாரிகளுக்கு இடம் கொடுத்துத் தரகு எடுக்கின்றன. 2012இல் பாகிஸ்தானில் தொடங்கிய அந்தத் தராஸை 2018இல் சீனாவின் அலிபாபா வாங்கிவிட்டது. அத்தனை பெரிய முதலுடன் ஐம்பது ரூபா குறைத்துப் போட்டி போடுவது கடலில் உப்புக் கரைக்கும் வேலை.

அமெரிக்காவில் பெஸ்ட் பை என்று ஒரு மின்சாதனக் கடைத்தொடர் இருக்கிறது. உங்கள் கடைக்கு நடப்பதுதான் அவர்களுக்கும் நடந்தது. சனங்கள் கடைக்கு வந்து தொலைக்காட்சியைப் பார்த்து, ஊழியரிடம் விளக்கம் கேட்டு, வீட்டுக்குப் போய் அமேசனில் வாங்கினார்கள். போட்டிக் கடையான சர்க்கிட் சிற்றி 2009இலேயே முற்றாக மூடப்பட்டுவிட்டது. அடுத்தது இதுதான் என்றார்கள். 2012இல் பொறுப்பேற்ற ஹூபேர் ஜோலி என்பவர் கடைகளை மூடுவதில் இறங்கவில்லை. ஒன்லைன் விலைக்கே தருகிறோம் என்றார். அது பணக்காரக் கம்பனியால் முடிந்த காரியம், அதை விடுங்கள். அவர் செய்த மற்ற இரண்டுதான் நமக்கு உதவும். ஒன்று, பக்கத்துக் கடையையே களஞ்சியமாக்கி, கேட்ட சாமான் அங்கிருந்து விரைவாக வீட்டுக்குப் போகும்படி செய்தார். மற்றது, வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பூட்டிக் கொடுத்து, எப்படி இயக்குவது என்றும் சொல்லிக் கொடுத்தார். கம்பனி பிழைத்துக்கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்த வித்தை நமது ஆட்களுக்குத் தெரியாததா?

சோனகத் தெருவிலிருந்து பொட்டணி கட்டிக்கொண்டு வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் போனவர்களை இளம் வாசகிகளுக்குத் தெரிந்திருக்காது. சைக்கிளின் பின் கரியரில் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிய புடவைப் பொதி. எங்கள் வாப்பாவின் வாப்பாவும் அந்தத் தொழில்தான் செய்தார். சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் வருவார். ஒழுங்கைக்குள் சைக்கிள் மணி கேட்டதும் வீட்டுப் பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்களாம். எல்லோருக்கும் அவர் "நானா"தான்.

பொட்டணியில் முப்பது சீலை இருந்தாலும் ஒரு வீட்டில் அவர் விரிப்பது நாலைந்துதான். எந்த வீட்டில் சாமத்தியச் சடங்கு வருகிறது, எந்த வீட்டில் மகள் ஆசிரியையாகப் போகிறாள், எந்த அம்மாவுக்குக் கரை அகலமாக இருந்தால் பிடிக்காது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "உந்த நீலத்தை விரியுங்கோ நானா" என்று கேட்டால், "அது உங்களுக்குச் சரிவராது தங்கச்சி, சாயம் நிக்காது. வாற கிழமை வேறை கொண்டாறன்" என்பாராம். ஒரு சீலையின் இலாபத்தைக் கைவிட்டு அந்த வீட்டையே சம்பாதித்துக்கொள்ளும் பேச்சு அது. மனம் பிடிபடாமல் நிற்பவர்களிடம், "வைச்சுப் பாருங்கோ, அடுத்த முறை வரேக்கை சொல்லுங்கோ" என்று சீலையை விட்டுவிட்டுப் போவார். காசு புகையிலை விற்ற பிறகு, அல்லது சம்பள நாளில், இரண்டு மூன்று தவணையில் வரும். கணக்கெல்லாம் ஒரு சின்னக் கொப்பியில்.

இப்போது கைத்தொலைபேசியைத் திறந்து பாருங்கள். நீங்கள் முன்பு வாங்கியதை ஞாபகம் வைத்து, "உங்களுக்குப் பிடித்தவை" என்று நாலைந்தை முன்னே விரிக்கிறது. வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்கிறது. மூன்று தவணையில் கட்டலாம் என்கிறது. பொட்டணி நானாவின் நாலு குணங்களையும் ஒரு இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது, பார்த்தீர்களா? நடுவில் வந்த நாம்தான், கண்ணாடி அலுமாரி போட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகு, அந்த நாலையும் கைவிட்டோம். வாடிக்கையாளர் தேடி வர வேண்டும், வந்தால் வாங்க வேண்டும், வாங்கினால் திருப்பித் தரக் கூடாது, காசு உடனே வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டோம். வேறு வழி இல்லாத வரைக்கும் சனங்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கடைகளும் நகைகளும் போனதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அந்தச் சின்னக் கொப்பிகளும் அங்கேயே போயின. இன்னார் இவ்வளவு தர வேண்டும் என்பதோடு, இன்னார் யார், எப்படிப்பட்டவர் என்ற மூன்று தலைமுறை அறிவும் அதில் இருந்தது. திரும்பி வந்து உடுப்பிட்டியில் கடை போட்ட சகோதரியின் கணவர் அதை முதல் எழுத்திலிருந்து எழுத வேண்டியவராக இருக்கிறார். அது கஷ்டம்தான். ஆனால் ஊர் சிறியது. ஒரு வருடத்தில் முந்நூறு வீட்டை அறிந்துகொள்ள முடியாதா?

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன். உங்கள் கடையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்: "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது." கொழும்புக் கம்பனிகள் காசு கொடுத்து விளம்பரம் செய்ய வேண்டியதில்லை, இந்தப் பலகை அவர்களுக்கு இலவச விளம்பரம். தங்கைக்குச் சட்டை வாங்கப் போகும் ஒருத்தி, அளவு தவறினால் என்ன செய்வது என்று யோசிக்கிறாள். நாலு நாளில் திருப்பி அனுப்பலாம் என்று தொலைபேசி சொல்கிறது. கூடாது என்று உங்கள் பலகை சொல்கிறது. அவள் எங்கே போவாள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு உடுப்பு விற்றால் ஐந்து திரும்பி வரும் என்றே வைத்துக்கொள்வோம். உடுத்தாத, தோய்க்காத, விலைச்சீட்டுக் கழற்றாத உடுப்பு திரும்பி வந்தால் உங்களுக்கு என்ன நட்டம்? மறுபடி மடித்து அலுமாரியில் வைக்கலாம். பார்சல் கம்பனிக்கோ, வந்த கூலியும் போன கூலியும் நட்டம். திருப்பி எடுப்பதில் உங்களுக்குத்தான் செலவு குறைவு! வாங்குபவளுக்கும், பார்சலை மறுபடி கட்டி, கூரியர்காரரைத் தேடி, காசு திரும்பி வரும் வரை காத்திருப்பதைவிடச் சந்தி வரை நடந்து வருவது இலேசு. விற்றதைத் திரும்ப ஏற்றுக்கொள்வதற்கு "இகாலா" என்று பெயரிட்டு நமது மார்க்கச் சட்ட அறிஞர்கள் தனியாகவே பேசியிருக்கிறார்கள். கட்டாயம் இல்லை, விரும்பத்தக்கது என்பது அவர்கள் கூறியது. நமது கடைக்காரர்களோ அந்த விரும்பத்தக்கதைக் கூடாதது என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இன்னொரு விடயம் உண்டு. இதை ஆண் வியாபாரிகள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெண்கள் கைத்தொலைபேசியில் வாங்குவதற்கு மலிவு மட்டுமா காரணம்? நான் கேட்டுப் பார்த்த வரையில் பாதிப் பேருக்கு அது காரணமே இல்லை. உள்ளாடை வாங்க வேண்டும். கல்லாப்பெட்டியில் ஆண். எடுத்துக் காட்டுபவர் ஆண். அளவை உரத்துச் சொல்ல வேண்டும். அவர் மேல் தட்டிலிருக்கும் பையனிடம் அதைவிட உரத்துச் சொல்வார். மாதவிடாய்த் துவாயைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஏதோ திருட்டுச் சாமான் போலத் தருவார்கள். பத்துச் சீலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழும்பினால் முகம் மாறும். "விலை என்ன?" என்று கேட்டால், "உங்களுக்கு எவ்வளவில் வேணும்?" என்று திருப்பிக் கேட்பார்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். தொலைபேசியோ முகம் சுளிப்பதில்லை. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இருநூறு சட்டையைப் பார்த்து ஒன்றும் வாங்காமல் அணைத்துவிடலாம்.

ஆகவே உங்கள் கடைக்குக் கிடைத்திருக்கும் பெரிய முதல் நீங்கள்தான், சகோதரி. கணவரைக் கொள்முதலுக்கும் கணக்குக்கும் விட்டுவிட்டு, பகல் பத்து மணி முதல் நாலு மணி வரைக்கும் நீங்கள் கடையில் நில்லுங்கள். ஒரு மூலையில் திரை போட்டு, கண்ணாடி வைத்து, போட்டுப் பார்க்க இடம் கொடுங்கள். எல்லாவற்றிலும் விலையைத் தெளிவாக ஒட்டுங்கள். விலையைப் பார்வைக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமைகள். (வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: முறைப்பாட்டுக்கான தொலைபேசி இலக்கம் 1977.) பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவளைச் சிரித்த முகத்துடன் அனுப்புங்கள். இதற்கெல்லாம் அலிபாபாவின் முதல் தேவையில்லை.

அடுத்தது தையல். பார்சலில் வரும் உடுப்பின் பெரிய குறை அளவு. எக்ஸெல் என்று போட்டிருக்கும். வந்து பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் பொருந்தும். என் மச்சிக்கு வந்த அபாயா ஒரு சாண் நீளம். திருப்பி அனுப்பப் பஞ்சிப்பட்டு அலுமாரியிலேயே கிடக்கிறது. உங்கள் கடையில் ஒரு தையல் மெசின் இருக்கட்டும். இங்கே வாங்கும் உடுப்புக்கு நீளம் குறைப்பதும் இடுப்புப் பிடிப்பதும் இலவசம், அன்றைக்கே. வேறு எங்கே வாங்கியிருந்தாலும் செய்து கொடுங்கள்; அதற்குக் கூலி எடுங்கள். படம் எடுத்துக்கொண்டு போன அதே பெண்பிள்ளை, வந்த பார்சலைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவாள். வரும்போது "பார்த்தாயா?" என்று குத்திக்காட்டிவிடாதீர்கள்!

அந்தப் பார்சலையே வாங்கி வைத்துக் கொடுக்கலாம். நமது ஒழுங்கைகளில் பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை. கூரியர்காரர் சந்தியில் நின்று "வந்து எடுங்கோ" என்று கூப்பிடுகிறார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பெரிய தொல்லை. இந்தியாவில் அமேசன் கம்பனியே ஊர்ச் சிறு கடைக்காரர்களிடம் பார்சல்களை ஒப்படைத்து, அக்கம்பக்க வீடுகளுக்குச் சேர்ப்பதற்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. எந்தக் கூரியர்காரரும் மாலையில் பத்துப் பார்சலை ஓரிடத்தில் இறக்கிவிட்டுப் போகக் கசக்கமாட்டார். பார்சல் எடுக்க வருகிறவள் ஊசி நூலாவது வாங்கிக்கொண்டு போவாள்.

ஜப்பானில் தோக்கியோவுக்கு அருகே மச்சிதா என்ற ஊரில், யமகுச்சி என்பவர் 1965இல் தொடங்கிய சிறிய மின்சாதனக் கடை ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் சுற்றிவர மிகப் பெரிய கடைகள் வந்துவிட்டன. அவர் விலையைக் குறைக்கவில்லை; கூட்டினார்! வாடிக்கையாளர் பட்டியலை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, அந்த வீடுகளுக்கு எந்த உதவி என்றாலும் ஓடிப் போனார். பெரும்பாலும் வயது போனவர்கள். பல்ப் மாற்றுவது, தொலைக்காட்சிக் கருவியை எப்படி அழுத்துவது என்று காட்டுவது, ஊருக்குப் போனால் பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை. அவரிடம்தான் வாங்குவோம் என்று அந்த முதியவர்கள் நின்றுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வடமராட்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகள் எல்லாம் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கும் குடும்பங்கள் எத்தனை! அங்கிருக்கும் மகன் அம்மாவின் பிறந்த நாளுக்குக் கேக்கும் சீலையும் அனுப்ப விரும்பினால் என்ன செய்கிறான்? கப்ருக்கா போன்ற கொழும்புக் கம்பனிக்கு ஒன்லைனில் ஓடர் கொடுக்கிறான். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள உறவினருக்குப் பரிசு அனுப்பும் வழியாகத்தான் அந்தக் கம்பனி பெயர் எடுத்தது. உடுப்பிட்டியில் இருக்கும் அம்மாவுக்கு உடுப்பிட்டிச் சந்தியிலேயே சீலை இருக்க, கனடாக் காசு கொழும்புக்குப் போய், சீலை நானூறு கிலோமீற்றர் பயணம் செய்து வருகிறது. காரணம் ஒன்றே ஒன்று: உங்கள் கடையின் வட்ஸ்அப் இலக்கம் அந்த மகனுக்குத் தெரியாது.

கொடுத்துவிடுங்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் ஒரு அட்டையைக் கொடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவைக் கடையில் இருத்தி, வைபரில் மகளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தெரிவு செய்யட்டும். காசு வங்கிக்கு வரட்டும். சீலையை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அம்மா உடுத்த படத்தையும் அனுப்பி வையுங்கள். போகிற வழியில் அவருக்கு மருந்துக் கடையில் ஏதாவது எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். இதில் விலை ஐம்பது ரூபா கூடக் குறைய என்று அந்த மகன் பார்க்கமாட்டான்.

கடனைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. நானாவின் கொப்பியைப் புகழ்ந்தேன் என்று எல்லோருக்கும் கடன் எழுதிவிடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபா அளவில் இருந்தது. மே மாதம் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. பழைய விலையில் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர்கள், அந்தக் காசு திரும்பி வந்தபோது அதைக் கொண்டு பாதிச் சாமான்தான் வாங்க முடிந்தது. கடன் கொடுக்கலாம், அறிந்த வீட்டுக்கு, எழுதி, தவணை சொல்லி, பெரிய தொகை இல்லாமல்.

வெப்சைட் திறப்பதா என்றும் கடித ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். தெரியாத ஆயிரம் பேருக்குக் கடையைக் காட்டுவதற்கு முன்னால், தெரிந்த முந்நூறு வீட்டின் இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் வயது, சீருடை அளவு, விருப்பமான நிறம். புதிய சீருடை வந்ததும் "உங்கள் சின்னவனுக்கு இந்த முறை ஒரு அளவு பெரிதாக எடுத்து வைத்திருக்கிறேன்" என்று ஒரு செய்தி போடுங்கள்.

உங்கள் கணவருக்கு என் ஸலாத்தைச் சொல்லி, ஓட்டோவுக்கு லீசிங் கடதாசியில் கையெழுத்து வைக்கும் முன், நெல்லியடிப் பக்கம் போய் நல்ல தையல் மெசின் ஒன்று என்ன விலை என்று விசாரித்து வரச் சொல்லுங்கள்.